மூன்றாம் மாடி இருக்கிறதா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளையை நாலு பேருக்கு விளங்கப்படுத்தப் போய், அந்தப் பிள்ளையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விளங்கப்படுத்திவிட்டு வந்த முட்டாள் நான். அதுவும் வெறுங்கையோடு போய்ச் செய்ததல்ல. புரொஜெக்டர், மைக், மூளையின் குறுக்குவெட்டுப் படம், மடிப்புக் கலையாத நீளக்கைச் சட்டை என்று சகல ஆயத்தங்களோடும் போய்ச் செய்த முட்டாள்தனம். சாதாரண ஆட்கள் முட்டாளாவதற்கு இவ்வளவு தேவைப்படாது. படித்தவனுக்குத்தான் வயர் வேண்டும், பிளக் வேண்டும்.

பேச்சுச் சிகிச்சைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். பயிற்சி முறைகளைச் சொல்லித்தர நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள்; நான் சொல்லிக் கொடுத்ததை மறந்த பிறகு கெட்டிக்காரர் ஆனவர்கள். ஆகவே அதை அவர்களிடமே விடுகிறேன். ஆனால் உங்களிடம் ஒருநாள் ஒரு தாய் வந்து, "சேர், எங்கட பிள்ளையைப் பற்றி அந்த ஆக்களுக்கு நீங்கள் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ" என்று கேட்பார். அந்த ஆட்கள் பள்ளிக்கூடமாக இருக்கலாம், மாமியார் வீடாக இருக்கலாம், பிறந்தநாள் கேக் வெட்டும் இடத்தில் நிற்கும் சொந்தக்காரராக இருக்கலாம். கேட்டதும் உங்கள் நெஞ்சு கொஞ்சம் விரியும். சட்டைப் பொத்தான் தெறிப்பதற்கு முன் இந்தக் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முந்தி என்னிடம் அப்படிக் கேட்டவர் சுகந்தி. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஏழு மாடிப் பிளாட். அதில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தார். கணவர் கட்டாரில். ஒரே மகள் தாரணி. ஒன்பது வயது, ஓட்டிசம் உள்ள பிள்ளை. கிழமையில் இரண்டு தடவை என் அறைக்கு வருவாள். நான் பந்தைக் காட்டி "இது என்ன?" என்பேன். "பந்து" என்பாள். "பந்து எங்க?" என்பேன். மேசையில் இருக்கும் பந்தை அவளும் பார்ப்பாள், பிறகு என்னையும் பார்ப்பாள். கண்ணுக்கு முன்னால் இருக்கும் பந்தைத் தேடுகிற இந்த மனிதனுக்கு என்ன நேர்ந்தது என்று அவள் யோசித்திருக்க வேண்டும். நானோ அதை 'பார்வைத் தொடர்பு முன்னேற்றம்' என்று எண்ணி மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

பிரச்சினை பந்தில் இல்லை, லிப்டில். தாரணி லிப்டுக்குள் ஏறியதும் ஒன்று முதல் ஏழு வரை எல்லாப் பொத்தான்களையும் அமத்துவாள். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும். தலையை வெளியே நீட்டி அந்த மாடியின் இலக்கத்தைச் சொல்லுவாள். கனநேரம் நின்று பார்த்த பிறகுதான் கதவை மூட விடுவாள். அதற்கு முன் யாராவது மூடினால் லிப்டின் தரையில் குந்தியிருந்து கத்துவாள். இவ்வளவும் பள்ளிக்கூட வான் வருகிற நேரம், அலுவலகத்துக்குப் போகிற நேரம். அந்த நேரத்தில் வெள்ளவத்தையில் ஒரு லிப்டை நிறுத்துவது, காலி வீதிக்குக் குறுக்கே மாட்டைக் கட்டுவதற்குச் சமம்.

எல்லாரையும்விடக் கூடச் சத்தம் போட்டவர் நான்காம் மாடி ரோசலின் அன்ரி. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, மகன் இங்கே பிளாட் வாங்கியதால் வெள்ளவத்தைக்கு வந்தவர். மேல் மாடியில் நின்றபடி தெருவில் போகிற மீன்காரனை நிறுத்திப் பேரம் பேசிப் பழகிய குரல். இரண்டு முழங்காலும் பழுது என்பதால் படியில் இறங்க முடியாது. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவார். தாரணியோடு லிப்டில் மாட்டினால் பஸ் போய்விடும். "அந்தோனியார் காணாமப் போனதெல்லாம் கண்டுபிடிச்சுக் குடுப்பாரு. இவ முழுங்குற நேரத்த யாரு குடுக்கிறது?" என்று கட்டடம் முழுவதும் கேட்கும்படி கேட்டிருக்கிறார்.

பிளாட்டின் நிர்வாகக் குழுத் தலைவர் பரராஜசிங்கம். ஓய்வு பெற்ற கணக்குப் பரிசோதகர். குரலை உயர்த்த மாட்டார். நேரே கடிதம் எழுதுவார். சுகந்தியின் வீட்டுச் சொந்தக்காரர் மெல்பேர்னில் இருந்தார். வருட முடிவில் வாடகை ஒப்பந்தம் முடிகிறது, அதைப் புதுப்பிக்க வேண்டாம் என்று அவருக்கு எழுதப் போவதாகப் பரராஜசிங்கம் சொல்லியிருந்தார்.

"பள்ளிக்கூடம் ஒழுங்கை முடிவில, சேர்," என்றார் சுகந்தி. "அவ்வளவு தூரம் அழாமல் நடக்கிறதுக்கு இவவுக்கு ரெண்டு வருஷம் பிடிச்சது. வேற வீடெண்டால் வேற ஒழுங்கை, வேற நாய், வேற கேற். எல்லாம் முதலில இருந்து. எனக்கு ஏலாது சேர்."

"ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. நான் வந்து கதைக்கிறன்," என்றேன்.

பொத்தான் தெறித்தது அந்த இடத்தில்.

கூட்டம் ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறைப் பின்னேரம், மொட்டை மாடியில். லிப்ட் ஏழாம் மாடி வரைக்கும்தான் போகும். அதற்கு மேல் ஒடுங்கிய படிக்கட்டு. அந்தப் படிக்கட்டால் ரோசலின் அன்ரி மட்டும் வரவில்லை. "நீங்க பேசுங்க, எனக்கு நாளைக்கு சொல்லுங்க" என்று வீட்டோடு இருந்துவிட்டாராம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர் கூட்டம் எப்படித் தொடங்கும் என்று உங்களுக்குத் தெரியும். விளக்கேற்றினார்கள். காற்று அணைத்தது. திரும்ப ஏற்றினார்கள். தேவாரம், மௌன அஞ்சலி, வரவேற்புரை. பரராஜசிங்கம் என்னைப் 'பிரபல டொக்டர்' என்று அறிமுகப்படுத்தினார். "நான் டொக்டர் இல்லை" என்று ஒருதரம் சொன்னேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள். பிறகு நானும் வற்புறுத்தவில்லை.

மூளைப் படத்தில் தொடங்கினேன். நீங்கள் கடைசிவரை சொல்லக்கூடாத ஒரு வசனம் உண்டென்றால் அது "மூளையின் முன்பகுதி" என்று தொடங்குகிற வசனம். அதை நான் மொட்டை மாடியில், கடற்காற்றில், தேத்தண்ணியோடு தின்ன வைத்த ரோல்ஸ் தட்டுக்கு எதிரே நின்று சொன்னேன். பிறகு குணங்குறிகளுக்கு வந்தேன்.

"இப்பிடிப் பிள்ளையள் தங்களுக்குப் பிடிச்ச ஒரு விசயத்தையே கதைச்சுக்கொண்டிருப்பினம்," என்றேன். "கேக்கிறவைக்கு அலுத்துப்போச்சு எண்டது அவைக்கு விளங்காது."

முன்வரிசையில் ஒருவர் வாயைத் திறந்தபடி நித்திரை. இரண்டு பெண்கள் ரோல்ஸை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த விடயத்தை மேலும் மூன்று படங்களால் விளக்கினேன்.

"ஒரு ஒழுங்கில போறது குழம்பினால் பதற்றம் வந்திடும்," என்றேன். அப்போது யாரோ தேத்தண்ணிக்குச் சுடுதண்ணீர் வைப்பதற்காக புரொஜெக்டரின் பிளக்கைக் கழற்றினார்கள். திரை இருண்டது. நான் பதறிப் போய், "ஆர் கழட்டினது? ஆர் கழட்டினது?" என்று மைக்கிலேயே கேட்டேன். திரும்பக் கொழுவியதும், விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்றார் பரராஜசிங்கம். என்னால் முடியவில்லை. முதல் படத்திலிருந்துதான் தொடங்குவேன் என்று நின்றேன். தொடங்கினேன். திரும்பவும் மூளை.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "டொக்டர், உங்களுக்கு இதை எத்தினை வயசில கண்டுபிடிச்சவை?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு யாரையோ சொல்கிறான் என்று நினைத்தேன்.

இதைக் கேட்டுவிட்டு, 'அப்படிப் பார்த்தால் எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கிறது' என்று சொல்லக் கிளம்பாதீர்கள். அது மலிவான ஆறுதல். தாய்மாருக்கு எரிச்சல் வரும். தாரணிக்கு இருந்தது ஓட்டிசம். எனக்கு இருந்தது மைக். அவளுடையதற்குக் காரணம் இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாது. என்னுடையதற்கு மன்னிப்புக் கிடையாது.

ஏனென்றால் தாரணியும் அங்கே இருந்தாள். வீட்டில் விட ஆளில்லாததால் சுகந்தி கூட்டி வந்து கடைசிக் கதிரையில் இருத்தியிருந்தார். மைக் கீச்சிட்டபோது அவள் இரண்டு காதையும் பொத்தினாள். நான் விடவில்லை. கையை நீட்டிக் காட்டினேன். "பாருங்கோ, காதைப் பொத்துறா. இதைத்தான் சொன்னனான். சத்தமும் சனநெரிசலும் இவைக்குக் கூடாது. தாரணிக்கு மற்றவையின்ர முகம் விளங்காது." எல்லாப் பிளாஸ்டிக் கதிரைகளும் கிரீச்சென்று திரும்பின. எல்லா முகங்களும் அவளைப் பார்த்தன. அவள் மேசைக் காலைப் பார்த்தாள். சுகந்தி என்னைப் பார்த்தார். அந்த முகம் எனக்கு விளங்கவில்லை.

கேள்வி நேரம் கலகலப்பாகப் போனது. இது தொற்றுமா என்று ஒருவர் கேட்டார். சாதகம் பார்த்ததா என்று இன்னொருவர். பாலை நிறுத்தினால் மாறும் என்று யூடியூப்பில் கண்ட ஒருவர், பால் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "என்ர தம்பியும் நாலு வயசு வரைக்கும் கதைக்கேல்லை, இப்ப லண்டனில சொலிசிட்டர், கதையை நிப்பாட்டேலாது" என்றார் ஒரு பெண். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பரராஜசிங்கம் கையைக் குலுக்கி, "நல்லா விளங்கிட்டுது டொக்டர்" என்றார்.

ஒருவர் உங்களிடம் 'நல்லா விளங்கிட்டுது' என்று சொன்னால், அன்றிரவு நித்திரை கொள்ளாதீர்கள். நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

அடுத்த கிழமை சுகந்தி தாரணியோடு என் அறைக்கு வந்தார். நன்றி சொல்வார் என்று கதிரையில் சாய்ந்து ஆயத்தமாக இருந்தேன்.

"இப்ப ஒருத்தரும் திட்டுறேல்லை சேர்," என்றார்.

"நல்லதுதானே."

"ஒருத்தரும் கதைக்கிறதுமில்லை. நாங்கள் லிப்டடிக்கு வந்தால் எல்லாரும் படியால போகினம். ஆறாம் மாடிப் பிள்ளை முந்தி இவவோட பொத்தானுக்குச் சண்டை பிடிக்கும். இப்ப தாய் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போறா. கதைக்கிற ஒண்டு ரெண்டு பேரும், இவவுக்குக் காது கேக்காத மாதிரி, 'தா-ர-ணி, சாப்-பிட்-டீ-ங்-க-ளா' எண்டு கத்துகினம். முதலாம் மாடி அக்கா மந்திரிச்ச நூல் கொண்டந்து தந்தவ." பிறகு சொன்னார். "முந்தி இவ குழப்படிக்காரி. இப்ப நோயாளி."

நான் பந்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். என்ன சொல்வது என்று தெரியாதபோது கையில் ஒரு பந்து இருப்பது நல்லது.

அன்று பின்னேரமே பரராஜசிங்கம் தொலைபேசியில் வந்தார். குரலில் அப்படியொரு கனிவு. "டொக்டர், நாங்கள் குழுவில கதைச்சனாங்கள். நீங்கள் சொன்னது சரி. சத்தமும் சனநெரிசலும் பிள்ளைக்குக் கூடாது. இந்தப் பிளாட்டில ரெண்டும் இருக்கு. தெகிவளைப் பக்கம் நிலத்தோட ஒரு தனி வீடெண்டால் பிள்ளைக்குத்தானே நல்லது? அதைத்தான் சொந்தக்காரருக்கு எழுதுறம். கோபத்தில இல்லை, பிள்ளையின்ர நன்மைக்காக. உங்கட படங்களையும் சேர்த்து அனுப்புறம்."

கோபத்தோடு வெளியேற்றப் பார்த்தவர்களுக்கு நான் கருணையோடு வெளியேற்ற வழி காட்டியிருந்தேன். கோபமென்றால் எதிர்த்து நிற்கலாம். கருணைக்கு எதிரே எப்படி நிற்பது? "குழுக் கூட்டம் ஒண்டு வையுங்கோ, அதுக்குப் பிறகு அனுப்புங்கோ" என்று மட்டும் கேட்டேன். அடுத்த ஞாயிறு வைப்பதாகச் சொன்னார்.

உடனே நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? இன்னும் நல்ல மூளைப் படம் தேடத் தொடங்கினேன். சுகந்திக்கு அழைத்து, ஞாயிறு வந்து எல்லாவற்றையும் திருத்திச் சொல்கிறேன் என்றேன்.

"சேர், குறை நினைக்காதேங்கோ. இன்னொருக்காக் கதைக்க வேண்டாம்."

தொழிலில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த மருந்துச் சீட்டு அதுதான். கதைக்கவில்லையென்றால் வேறு என்ன செய்வது? நான் அந்தப் பிள்ளையின் லிப்ட் பிரச்சினையைப் பற்றி ஊருக்கே உரையாற்றியவன். ஆனால் அவளோடு ஒருநாள்கூட லிப்டில் ஏறியதில்லை. பந்தோடேயே இருந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூட நேரத்துக்கு, அங்கே போனேன்.

கீழ்த்தளத்தில் லிப்ட் திறந்திருந்தது. உள்ளே தாரணி, பள்ளிச் சீருடையில். பக்கத்தில் கைத்தடியோடு ஒரு பருத்த அம்மா. அதுதான் ரோசலின் அன்ரி. வெளியே சுகந்தி. "இது முடிஞ்சாத்தான் பள்ளிக்கூடம், சேர். ஒரு சுத்துப் போட்டு வருவா. அன்ரியும் கூடப் போய் வந்துதான் கோயிலுக்குப் போறவ," என்றார். நானும் ஏறினேன்.

பழக்க தோஷம். கதவு மூடியதும் பையிலிருந்து 'காத்திரு' என்ற படம் போட்ட அட்டையை எடுத்து, பிள்ளையின் கண் மட்டத்துக்கு வரவேண்டும் என்பதற்காக முழங்காலில் நின்று, மெதுவாக, "தாரணி, இப்ப நாங்கள்..." என்று தொடங்கினேன். முதலாம் மாடி வந்து கதவு திறந்தது. தாரணி என் கையிலிருந்த அட்டையை வாங்கினாள். கதவுக்கும் தளத்துக்கும் இடையில் இருந்த நீக்கலுக்குள் போட்டாள். அது எங்கோ கீழே போய் விழுகிற சத்தம் கேட்டது.

"ஒண்டு," என்றாள்.

"இருக்கு. மூடு," என்றார் ரோசலின் அன்ரி.

தாரணி கதவை மூடினாள். எட்டிப் பார்க்கவுமில்லை, கத்தவுமில்லை. இரண்டாம் மாடி.

"ரெண்டு."

"அதுவும் இருக்கு. மூடு, மூடு."

மூடினாள். எனக்கு முழங்காலிலிருந்து எழும்ப முடியவில்லை. ரோசலின் அன்ரி கைத்தடியை நீட்டினார். அதைப் பிடித்து எழும்பினேன்.

"அன்ரி, இது என்ன நடக்குது?"

"என்னா நடக்குது? லிப்டுல போறோம்."

"இல்லை, இருக்கு எண்டு சொல்லுறியளே..."

"போன வாரம் எனக்குக் கோவம் வந்திச்சி. ஏன்டி எல்லா மாடியிலயும் நிப்பாட்டுற, உனக்கு என்னாடி வேணும்னு கேட்டேன். 'இருக்கோ எண்டு பாக்கிறன்'னா. என்னாடி இருக்கோன்னேன். மாடி இருக்கான்னு பாக்குறாளாம்." கைத்தடியால் தரையைத் தட்டினார். "இவ்வளவு சிமெந்து போட்டுக் கட்டியிருக்கான், எங்கடி ஓடும், இருக்குடின்னேன். மூடிட்டா. அன்னையில இருந்து நான் சொன்னா மூடிருவா. எனக்கு பஸ்ஸும் கெடைக்கிது."

மூன்றாம் மாடி. கதவு திறந்தது. இங்கே மட்டும் தாரணி ஒரு அடி வெளியே வைத்து, தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள்.

"மூண்டு."

"ஒன் வீடு இருக்குடி. நாதாங்கி கூட இருக்கு. வா உள்ள."

வந்தாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. முதன்முதலாக என் அறைக்கு வந்த நாளிலேயே சுகந்தி என்னிடம் சொல்லியிருந்தார்: ஒருநாள் கரண்ட் போய், தாயும் மகளும் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள்; கதவை நெம்பித் திறந்தபோது மூன்றாம் மாடி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சீமெந்துச் சுவர் இருந்தது; லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றிருந்தது. நான் அதைக் கேட்டு "அப்பிடியோ" என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுத்தேன். தாரணி அன்று கண்டது அதுதான். கதவு திறந்தது, வீடு இல்லை. நமக்கென்றால் அடுத்த நாள் மறந்துவிடும். அவள் அதன் பிறகு ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டிருந்தாள்.

இதில் என் படிப்பு எங்கே தோற்றது என்று யோசித்துப் பார்த்தேன். நான் அந்தப் பிள்ளையிடம் ஆயிரம் கேள்விகள் கேட்டிருப்பேன். பந்து எங்கே, பூனை என்ன நிறம், இது யாருடைய மூக்கு. எல்லாமே எனக்குப் பதில் தெரிந்த கேள்விகள். பதில் தெரியாத ஒரு கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள் ரோசலின் அன்ரி. அவரும் ஏதோ அன்பினால் கேட்கவில்லை, பஸ் போய்விடும் என்ற ஆத்திரத்தில் கேட்டார். ஆனால் என் உரையைக் கேட்காத ஒரே ஆள் அவர்தான். அதனால் அவருக்கு மட்டும், பிள்ளையிடம் கேட்டால் பதில் வரும் என்ற மூடநம்பிக்கை மிஞ்சியிருந்தது.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் அன்ரி, நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் இடையில். "இவ 'தாரணிக்கு முகம் விளங்காது, தாரணிக்கு முகம் விளங்காது'ன்னு சொல்லிக்கிட்டே திரியிறா. எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். யார்டி அவன்?"

தாரணி என் பக்கம் திரும்பவில்லை. விரலை மட்டும் நீட்டினாள். "மாமா. மைக்கில."

லிப்டுக்குள் ஓடி ஒளிய இடமில்லை. இந்த இடத்தில் நான் சந்தர்ப்பத்தை விளக்கியிருக்கலாம். 'முகம் விளங்காது' என்பதன் துறைசார் பொருள் வேறு என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ரோசலின் அன்ரியின் கைத்தடியைப் பார்த்தேன்.

"ஓம், நான்தான் சொன்னனான், பிள்ளை. பிழையாச் சொல்லிப்போட்டன்."

கதவு திறந்தது. தாரணி, "அஞ்சு," என்றாள்.

"இருக்கு," என்றேன்.

மூடினாள். எங்கள் இருவருக்கும் இடையில் நடந்த முதல் உருப்படியான உரையாடல் அது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் செய்த ஒரே ஆயத்தம், அதைக் கீழே வாகனம் நிறுத்துகிற இடத்தில் வைக்கும்படி கேட்டதுதான். அன்ரியின் முழங்காலுக்காக. பரராஜசிங்கம் தயாரான கடிதத்தோடு வந்தார். எனக்கு மைக்கைத் தந்தார். அதைப் பக்கத்தில் நின்ற காரின் மேல் வைத்தேன். சீமெந்துச் சுவர்க் கதையை, நான் "அப்பிடியோ" என்று சொன்னதையும் சேர்த்து, சுருக்கமாகச் சொல்லிவிட்டு இருந்தேன். ஒரு படமும் இல்லாமல் அவர்களுக்கு விளங்குமா என்று பயம். இன்னும் ஒரு வசனம், ஒரே ஒரு வசனம் சொன்னால் என்ன என்று நாக்கு அரித்தது. பிள்ளைகளே, நான் தொழிலில் செய்த மிகக் கஷ்டமான வேலை, அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான்.

"அப்ப ஒவ்வொரு நாளும் நாங்கள் எல்லாரும் இருக்கு, இருக்கு எண்டு சொல்லிக்கொண்டு போறதோ?" என்று கேட்டார் பரராஜசிங்கம்.

"சும்மா தானே நிக்கிறீங்க லிப்டுக்குள்ள, போனத் தடவிக்கிட்டு," என்றார் ரோசலின் அன்ரி. "வாயத் தொறந்தா தேஞ்சா போவும்? எல்லா மாடியிலயும் நிக்கிறது காலையில ஒரு சுத்து, ஆறரைக்கு முன்னாடி முடிச்சிரட்டும். மத்த நேரம் கேட்டா பதில் சொல்லுங்க. நான் சொல்லல?"

"இல்லை அன்ரி, எங்களுக்கு லிப்ட் முக்கியமில்லை. பிள்ளையின்ர நன்மைக்குத்தான்..."

"பிள்ளைக்கு நல்லதுன்னு சொல்லாதீங்க. லிப்டுக்கு நல்லதுன்னு சொல்லுங்க. அது உண்ம. அதுக்கு நான் பதில் சொல்றேன்."

யாரோ சிரித்தார்கள். பரராஜசிங்கம் சிரிக்கவில்லை. அப்போது சுகந்தி எழும்பினார். முதல் கூட்டத்தில் அவரைக் கதைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

"அண்ணை, எனக்கு இரக்கம் வேண்டாம். லிப்டை நிப்பாட்டினால் முந்தி மாதிரித் திட்டுங்கோ. திட்டுற ஆக்கள் பிறகு கதைப்பினம். படியால போற ஆக்களோட நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது? மகள் மாடி இருக்கோ எண்டு பாக்கிறா. நான் ஒவ்வொரு மாடியிலயும் சனம் இருக்கோ எண்டு பாக்கிறன்."

பரராஜசிங்கம் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "கிழிக்கேல்லை. வருஷ முடிவு வரைக்கும் பாப்பம்," என்றார். அவ்வளவுதான். கைதட்டலும் இல்லை, ரோல்ஸும் இல்லை.

எல்லோரும் அன்றோடு தேவதைகளாகிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஐந்தாம் மாடிக் குடும்பம் கடைசி வரைக்கும் படியால்தான் போனது. அவர்களுடைய உடம்புக்கு நல்லது. கரண்ட் போகிற நாட்களில் தாரணி பழையபடி கத்தினாள். ஆறாம் மாடிப் பிள்ளை திரும்பவும் வந்து அவளோடு பொத்தானுக்குச் சண்டை பிடித்தது. அதைச் சுகந்தி எனக்கு ஏதோ பரீட்சை முடிவு போலத் தொலைபேசியில் சொன்னார். ஆனால் நன்றாகத் தேறியவர் பரராஜசிங்கம். முதலில் வேண்டாவெறுப்பாக "இருக்கு" என்றவர், போகப் போகத் தானும் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் "இருக்கு" என்று சொல்லத் தொடங்கினாராம். பாவம், வாழ்நாள் முழுவதும் அவர் செய்த தொழிலும் அதுதானே: இருக்கிறது என்று சொல்லப்படுவது உண்மையிலேயே இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பது. அந்தக் கட்டடத்தில் தாரணியின் வேலையின் அருமை தெரிந்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. இன்றைக்கும் அவர்கள் மூன்றாம் மாடியில்தான்.

இதை எழுதத் தொடங்குவதற்கு முன் போன கிழமை அங்கே போனேன். தாரணி வளர்ந்துவிட்டாள், என் தோளுக்கு வருகிறாள். இப்போது எல்லா மாடியிலும் நிறுத்துவதில்லை. மூன்றாம் மாடியில் மட்டும் கேட்பாளாம். நான் வெளிக்கிட்டபோது அவளும் ஏழாம் மாடிக்குப் போக லிப்டில் ஏறினாள். உள்ளே ஏற்கெனவே ரோசலின் அன்ரி, டியூஷன் பையோடு இரண்டு பிள்ளைகள், தோளில் காஸ் சிலிண்டரோடு ஓர் ஆள். நான் ஏறவில்லை, கதவு மூடாதபடி அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். இந்த முறையாவது எனக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வியை அவளிடம் கேட்டுவிட வேண்டும் என்று மனதில் இருந்தது.

"பிள்ளை, என்ர தொழிலுக்குப் புதுசா வந்த ஆக்களுக்கு மாமா ஒரு கட்டுரை எழுதப் போறன். உன்னைப் பற்றியும் எழுதட்டோ எண்டு கேக்கத்தான். ஏனெண்டால் போனமுறை நான் உன்னைக் கேக்காமல் கதைச்சுப்போட்டன். இந்த முறை அப்பிடி இருக்கக் கூடாது. நீ ஓம் எண்டால் எழுதுவன், இல்லை எண்டால் விடுவன். அதோட, உன்னைப் போல பிள்ளையளைப் பற்றி மற்ற ஆக்களுக்குச் சொல்லேக்க என்ன சொல்ல வேணும் எண்டு நீ நினைக்கிறாய்? ஆறுதலா யோசிச்சுச் சொல்லு, அவசரமில்லை."

காஸ் சிலிண்டர்க்காரர் தோளை மாற்றினார். ரோசலின் அன்ரி கைத்தடியை மாற்றினார். தாரணி என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே நின்ற எல்லாருடைய முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள்.

"கதவை விடுங்கோ."